டேபிள்டாப் ஆர்பிஜி எழுதிப் பிழைக்கலாமா? பெங்களூரில் இருக்கும் ஒருவருக்கு நீண்ட பதில்

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறார். சனிக்கிழமை ஆனால் நண்பர்களை உட்காரவைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் ரோல்-பிளேயிங் கேமை, நடத்துகிறார். சொந்தமாகச் சாகசங்களும் (மேசையில் நடத்துவதற்கான கதைகள்) விதிகளும் எழுதி வைத்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று விஷயம்: இந்த விளையாட்டுகளை வடிவமைப்பதையோ எடிட் செய்வதையோ தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா, இப்போதைய வேலையை விட்டுவிடலாமா, தமிழில் எழுதினால் எடுபடுமா.

வேலையை விடாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் நிம்மதியாகப் பேசலாம். நான் அல்சூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் சிறு பதிப்பகங்களுக்கு இந்த விளையாட்டுப் புத்தகங்களை எடிட் செய்கிறேன். அதில் வரும் பணம் நல்ல பணம்தான், ஆனால் வீட்டு வாடகை வேறு வேலையிலிருந்துதான் போகிறது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் நிலைமை, அமெரிக்காவில் இருப்பவர்கள் உட்பட, இதேதான்.

உங்கள் கேள்வியில் 'வடிவமைப்பதையோ எடிட் செய்வதையோ' என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. உள்ளே வர நினைக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே டிசைனராக வரத்தான் ஆசைப்படுகிறார்கள். எல்லோரிடமும் ஒரு சொந்த உலகம் இருக்கிறது, அதற்கொரு வரைபடம் இருக்கிறது, முன்னூறு பக்க வரலாறு இருக்கிறது. எடிட்டருக்குத்தான் பதிப்பகங்கள் ஆள் தேடுகின்றன. உங்கள் பிழைப்போ ஏற்கெனவே அடுத்தவர் எழுதியதை வாங்கி, ஒரு அந்நியர் படித்து வேலை செய்யும்படி மாற்றித் தருவது. எடிட்டராக உள்ளே போங்கள் என்பதுதான் என் பதில். மற்றது எல்லாம் அதற்கான விளக்கம்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக நாலு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்போம், ஜிஎம் (கேம் மாஸ்டர்) என்றும் சொல்வதுண்டு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். 'நான் சுவரேறிக் குதிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அது நடக்கிறதா இல்லையா என்பதைப் பகடையும் விதியும் சேர்ந்து முடிவு செய்யும். கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே விற்பனைக்கு வருவது புத்தகம்தான். கம்ப்யூட்டர் கேமில் விதி தப்பென்றால் புரோகிராம் கோளாறு செய்யும், யாராவது பக் என்று புகார் எழுதுவார்கள். இங்கே விதியை ஓட்டுவது மனிதர்கள். தப்பான விதியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு, ராத்திரி பதினொன்றரைக்கு அதைப் பற்றி மல்லுக்கு நிற்பார்கள்.

இந்தத் தொழில் தொடங்கியதே அப்படித்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து டிஎஸ்ஆர் என்ற கம்பெனி பெயரில் வந்தது. முதல் அச்சு 1000 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று சிறு புத்தகங்கள். யோசனை அபாரம், எழுத்து குழப்பம். வாசகரிடம் வேறொரு போர் விளையாட்டின் விதிப் புத்தகம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். யாராவது கூட இருந்து சொல்லிக்கொடுக்காமல் விளையாடுவது கஷ்டம். ஜான் எரிக் ஹோம்ஸ் என்று ஒருவர், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியர், புதியவர்களுக்குப் புரியும்படி இதை நான் திருத்தி எழுதித் தருகிறேன் என்று தானே முன்வந்தார். 1977இல் வந்த பேசிக் செட் அவர் எடிட் செய்தது. கடையில் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் யாருடைய உதவியும் இல்லாமல் விளையாட முடிந்தது அதற்கப்புறம்தான். அவர் அதில் சேர்த்த புது விதிகள் மிகக் குறைவு.

பின்னால் வந்தவர்களையும் பாருங்கள். கிம் மோகன் செய்தித்தாளில் வேலை பார்த்தவர். டிஎஸ்ஆருக்கு வந்து 'டிராகன்' பத்திரிகையின் ஆசிரியரானார். மார்கரெட் வைஸ் அதே கம்பெனிக்குப் புத்தக எடிட்டராக வேலைக்கு வந்தவர். டிரேசி ஹிக்மனோடு சேர்ந்து டிராகன்லான்ஸ் நாவல்களை எழுதியது அங்கே உட்கார்ந்த பிறகு. கிறிஸ் பெர்கின்ஸ் படிக்கிற காலத்திலேயே 'டன்ஜன்' பத்திரிகைக்குச் சாகசங்கள் அனுப்பிக்கொண்டிருந்தவர். 1997இல் அதே பத்திரிகைக்கு எடிட்டராக வந்து, பிறகு முழு விளையாட்டின் கதைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜெரமி கிராஃபோர்டின் பெயர் அந்தப் பதிப்பின் பல புத்தகங்களில் மேனேஜிங் எடிட்டர் என்றே அச்சாகியிருக்கிறது. 2025இல் இருவரும் சேர்ந்தாற்போல டாரிங்டன் பிரஸ் என்ற வேறு பதிப்பகத்துக்குப் போனபோது துறை முழுக்க அதுதான் பேச்சு. எடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் டிசைனர் ஆனதற்கு இப்படி எத்தனையோ பேரைக் காட்டலாம்.

சரி, எடிட்டர் என்னதான் செய்கிறார்? இலக்கணப் பிழை பார்ப்பது கடைசியில் வருவது. ஒரு கைப்பிரதியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'வடக்குக் கதவு பூட்டியிருக்கிறது. 15க்கு மேல் உருட்டினால் திறக்கும். உள்ளே மேசை மீது கடிதம் இருக்கிறது.'

படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. மேசையில் போட்டுப் பார்த்தால் தெரியும். சரியாக 15 விழுந்தால் திறக்குமா, திறக்காதா? எந்தத் திறமையை வைத்து உருட்டுவது, உடல் பலமா, பூட்டைக் கள்ளத்தனமாகத் திறக்கும் கைவாகா? ஒருவர் தோற்றால் அடுத்தவர் முயலலாமா? எல்லோரும் வரிசையாக முயலலாம் என்றால் எப்படியும் ஒருவருக்கு விழுந்துவிடும். அப்புறம் எதற்குப் பகடை? முயலக்கூடாது என்றால் கதவு நிரந்தரமாக மூடிக்கொண்டது. இப்போது ஆறு பக்கம் தள்ளிப் படிக்கிறீர்கள்: கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க இருக்கிற ஒரே தடயம் அந்தக் கடிதம். ஆக, ஒரு பகடை கெட்டால் மூன்று மணி நேரச் சாகசம் அந்தக் கதவருகே படுத்துவிடும். நடத்துகிறவர் புத்திசாலியாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். புதியவர் என்றால் முழிப்பார்.

எடிட்டர் இங்கே ஓரக் குறிப்பு எழுதுகிறார்: கடிதத்தை வேறு இரண்டு இடங்களிலும் எட்டும்படி செய்யலாமா, அல்லது கதவு எப்படியும் திறக்கும், தோற்றால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவான் என்று மாற்றலாமா? இரண்டாவது எனக்குப் பிடித்தது. பகடை தோற்றாலும் கதை நகர்கிறது, கூடவே ஒரு தொந்தரவும் வருகிறது. துப்பறியும் விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதைப் பார்த்துத்தான் ராபின் லாஸ் கம்ஷூ என்ற விதிமுறையையே உருவாக்கினார். அதில் முக்கியத் தடயத்துக்குப் பகடையே உருட்ட வேண்டாம், சரியான திறமையோடு சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். இப்படி ஒரு குறிப்பை எழுதுகிற ஆள் டிசைன் வேலையைத்தான் செய்கிறார். அட்டையில் பெயர் வேறு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை வேலை எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு ஸ்டாட் பிளாக், அதாவது அதன் பலத்தையும் உயிரையும் சொல்லும் எண்களின் பட்டியல், உண்டு. மனித அளவுள்ள ஒரு பிராணிக்கு உயிர்ப் புள்ளிகள் 6 எட்டுமுகப் பகடை கூட்டல் 12 என்று போட்டிருந்தால் சராசரி 39. எழுத்தாளர் நடுவில் மனதை மாற்றிக்கொண்டு அதைப் பெரிய பிராணியாக ஆக்கிவிட்டார். அந்த விதிமுறையில் பெரிய பிராணிக்குப் பத்துமுகப் பகடை. சராசரி 45க்குப் போக வேண்டும். கைப்பிரதியில் அளவு மாறியிருக்கும், பகடை பழையபடியே இருக்கும். இதெல்லாம் கண்ணில் பட வேண்டும். இருபது மிருகம் உள்ள புத்தகத்தில் இந்த மாதிரி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் இதைச் சரியாகச் செய்கிறவரைப் பதிப்பகம் விடாது.

மற்றபடி ஹவுஸ் ஸ்டைல், காப்பி எடிட், புரூஃப் இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே வித்தியாசம் பக்க எண்கள். எழுதும்போது பக்க எண் தெரியாது என்பதால் 'பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்க' என்று போட்டு வைப்பார்கள்; லேஅவுட் முடிந்தபின் நிரப்ப வேண்டும். ஒயிட் வுல்ஃப் கம்பெனியின் பழைய புத்தகங்கள் சிலவற்றில் அது அப்படியே அச்சாகி வந்து, இன்றுவரை துறையில் ஒரு கேலியாக நிலைத்துவிட்டது. உங்கள் கம்பெனியில் உடைந்த லிங்க் தேடிப் பழகிய கை இதற்கு ரொம்ப உதவும்.

டிசைனர் பக்கம் வருவோம். அங்கே மூலதனம் கற்பனை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கற்பனை ஏராளமாகக் கிடைக்கிறது. பற்றாக்குறை கணக்கிலும் பொறுமையிலும்தான். இருபதுமுகப் பகடை ஒன்றை உருட்டினால் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம், மேடு பள்ளம் இல்லாத தரை. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் நடுவில் குவியும். 7 விழ 36க்கு 6 வாய்ப்பு, 12 விழ 36க்கு ஒன்றே ஒன்று. வின்சென்ட் பேக்கரும் மெகுவி பேக்கரும் 2010இல் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் இதை வைத்துத்தான் கட்டியது. 10ஓ அதற்கு மேலோ விழுந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் வெற்றிதான், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், 6க்குள் விழுந்தால் வில்லங்கம். கூடுதல் புள்ளி எதுவும் இல்லாவிட்டால் 36 வாய்ப்பில் 15 அந்த நடு அடுக்கில் விழுகிறது. அதாவது பாத்திரங்கள் நினைத்தது நடக்கும், ஆனால் அடிக்கடி எதையாவது இழப்பார்கள். அந்த விளையாட்டின் மனநிலையே இந்தக் கணக்கிலிருந்து வருவது. டிசைன் என்பது இதுதான்: முதலில் மேசையில் இருப்பவர்களுக்கு எந்த உணர்ச்சி வர வேண்டும் என்று தீர்மானிப்பது, அப்புறம் அதைத் தரும் பகடையைத் தேடுவது. வரைபடமும் வரலாறும் பிறகு வரட்டும்.

பொறுமை வேண்டும் என்றேனே, அது ப்ளேடெஸ்டுக்கு, அதாவது ஆடிப் பார்த்துச் சோதிப்பதற்கு. உங்கள் சனிக்கிழமை நண்பர்களை வைத்துச் சோதிப்பது சோதனையே அல்ல. எழுத்தில் விட்டதை நீங்கள் வாயால் நிரப்பிவிடுவீர்கள். உங்களைத் தெரியாத ஒரு குழுவிடம் பிரதியைக் கொடுத்து, அவர்களே நடத்த, நீங்கள் மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். பெங்களூர் இதற்கு வசதியான ஊர். கோரமங்களா, இந்திராநகர் பக்கம் போர்டு கேம் கஃபேக்கள் இருக்கின்றன, வாராவாரம் புதுமுகங்களைச் சேர்த்து ஒன்-ஷாட் (ஒரே அமர்வில் முடியும் சாகசம்) நடத்துகிற குழுக்கள் இருக்கின்றன. கேட்டால் மறுப்பதில்லை, காபி வாங்கிக்கொடுத்தால் இன்னும் உற்சாகமாக வருவார்கள். அங்கே பாதிப் பேர் சாஃப்ட்வேர்காரர்கள் என்பதால் விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதில் தனி ஆனந்தம் அடைகிறவர்கள். அவர்கள் எந்தப் பக்கத்தில் புரட்டிப் புரட்டித் தேடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் யோசனைகளைவிட அந்தத் தேடலுக்கு மதிப்பு அதிகம்.

பணம். இந்தத் துறையில் கூலி சொல் கணக்கில். எழுதுவதற்குச் சொல்லுக்கு 3 முதல் 10 அமெரிக்க சென்ட் வரை பரவலாகப் பார்க்கலாம். அதற்குக் கீழே கேட்டால் போகாதீர்கள். எடிட் செய்வதற்கு அதில் பாதிக்கும் குறைவு. இதைப் பார்த்ததும் எழுதுவதே லாபம் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒரு சாகசம் 20,000 சொற்கள். 5 சென்ட் வீதம் 1,000 டாலர். அதை எழுதி, சோதித்து, திருத்தி, மறுபடி எழுத 150 மணி நேரமாவது போகும். மணிக்கு 7 டாலர்கூட இல்லை. அதே சாகசத்தை 2 சென்டுக்கு எடிட் செய்தால் 400 டாலர். பழகிய கை மணிக்கு ஆயிரம் சொல் பார்த்தால் இருபது மணி நேரம். மணிக்கு 20 டாலர், நம் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரே சிக்கல், அந்த இருபது மணி நேர வேலை மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருக்காது. வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் திட்டம் ஜெயித்தால் மூன்று புத்தகம் சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் கோடை முழுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் வேலையை விடாதீர்கள் என்றேன்.

பணம் வந்து சேரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பெரும்பாலும் பேபாலில் அனுப்பும். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். எதற்கான பணம் என்று பர்பஸ் கோடு கேட்கும், அதைச் சரியாகப் போடுங்கள். அமெரிக்கத் தளத்திலிருந்து ராயல்டி வருமென்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி கவலை வேண்டாம். ஆர்பிஜி எழுதி 20 லட்சம் தாண்டினால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒன்று, பணம் எப்போது: பிரதியை ஏற்றுக்கொண்டதும் என்றால் நல்லது, வெளியானதும் என்றால் ஜாக்கிரதை. புத்தகங்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போவது இங்கே சாதாரணம். சில சமயம் வெளிவராமலேயே போகும். இரண்டு, உரிமை: பெரிய பதிப்பகங்கள் 'வொர்க் ஃபார் ஹயர்' என்று போடும்; எழுதியது முழுக்க அவர்களுடையது. அவர்களுடைய உலகத்தில் அவர்களுடைய பாத்திரங்களுக்காக எழுதும்போது அது நியாயம்தான். உங்கள் சொந்த விளையாட்டை அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் எழுத்தாளருக்குச் சாதகமாக ஒன்று உண்டு: ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இந்தியப் பதிப்பகத்தோடு கையெழுத்துப் போடும்போது நினைவில் வையுங்கள். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்த ஊர்ச் சட்டப்படி என்றுதான் இருக்கும்.

சொந்தமாக வெளியிடலாமே என்றால், வெளியிடலாம். ஆனால் இத்துறையின் பெரிய கல்லாப்பெட்டியான, வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் கூட்டாளி இருந்தால்தான் முடியும். மிச்சம் இருப்பவை பிடிஎஃப் விற்கும் தளங்கள். டிரைவ்த்ரூஆர்பிஜி விற்பனையில் பொதுவாக 65 சதவீதமும், அவர்களிடம் மட்டுமே விற்க ஒப்புக்கொண்டால் 70 சதவீதமும் தரும். இட்ச் தளத்தில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே வைக்கலாம். தொடாமல் விட்டால் 10 சதவீதம். 2016இல் வந்த டிஎம்ஸ் கில்ட் பாதிதான் தரும், அங்கே போட்டதை வேறெங்கும் போட முடியாது. ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் சொந்த உலகங்களையும் பெயர்களையும் பயன்படுத்த விடும் இடம் அது ஒன்றுதான். வெறும் விதிகள் போதும் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் கம்பெனி இருபது வருடத்துக்கு மேலாக இருந்த ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தது, விஷயம் கசிந்து, ஊரே திரண்டு எதிர்த்ததும் அதே மாதம் பின்வாங்கியது. கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், திரும்பப் பெறவும் முடியாது. நமக்கு நல்ல காலம்.

பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டால் நிம்மதி என்ற நினைப்பும் வேண்டாம். விசார்ட்ஸை 1999இல் வாங்கிய ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில் சுமார் 1,100 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அவ்வளவு நன்றாக விற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அணியிலும் வேலை போனது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியை வெளியிடும் பைசோவில் 2021இல் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். அது பற்றிய செய்திகளைப் படித்துப் பார்த்தால் சம்பளம், வேலை நேரம் பற்றியெல்லாம் அங்கே என்ன பேசப்படுகிறது என்று தெரியும்.

இந்தியர்களுக்கு ஒரு வாய்ப்பும் ஒரு வலையும் சேர்ந்தே இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திகில் உலகமான ரேவன்லாஃப்டுக்கு 2021இல் வந்த கையேட்டில் கலாகேரி என்ற இந்தியச் சாயல் கொண்ட நாட்டை எழுதியவர் அஜித் ஜார்ஜ். நம் ஓசூர்ப் பக்கத்துச் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்த வருடமே அவரும் வெஸ்லி ஷ்னைடரும் சேர்ந்து 'ரேடியன்ட் சிட்டடல்' என்ற சாகசத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் வங்கச் சாயல் கொண்ட சாகசம் கொல்கத்தாவிலிருந்து போன மிமி மொண்டால் எழுதியது. ஷ்னைடர் பைசோவில் தலைமை எடிட்டராக இருந்தவர், மொண்டாலும் புத்தக எடிட்டராக இருந்தவர். நான் வேண்டுமென்று பொறுக்கவில்லை, பெயரைத் தொட்டாலே எடிட்டராகத்தான் இருக்கிறார்கள்.

வலை என்னவென்றால், உங்களை இந்திய விஷயத்துக்கு மட்டும் கூப்பிட ஆரம்பிப்பார்கள். 'இந்தக் கோயில் சரியாக இருக்கிறதா பாருங்கள்' என்று கல்ச்சுரல் கன்சல்டன்ட் வேலை வரும், பெரும்பாலும் எல்லாம் எழுதி முடித்த பிறகு. செய்யுங்கள், காசு வாங்கிக்கொண்டு செய்யுங்கள். ஆனால் கூடவே பூதமும் விண்வெளியும் துப்பறிதலும் எடிட் செய்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த முத்திரை போகாது.

நீங்களாக எழுதும்போது நம் பக்கத்து விஷயத்தை எடுப்பது வேறு சமாச்சாரம். நிலவறைக்குள் இறங்கும் சாகசம்தானே இந்த விளையாட்டின் அடிப்படை? பங்காரப்பேட்டை தாண்டினால் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். அழுத்தம் தாங்காமல் பாறையே வெடிக்கும். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிவதற்கு முன்னால், 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் போய்விட்டது. 2001இல் மூடினார்கள். கூண்டில் இறங்கும் ஷிப்ட், மேலே காத்திருக்கும் குடும்பம், தங்கத்தை ஒளித்து வெளியே கொண்டுவருபவர், அவரைப் பிடிக்க நிற்கும் காவலர். ஒரு முழு விளையாட்டுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஆழம் கூடக்கூட ஒவ்வொரு அடுக்கிலும் சூடும் பாறை வெடிப்பு அபாயமும் ஏற வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதும். எப்போது மேலே திரும்புவது என்ற கேள்வியே விளையாட்டாகிவிடும். அரக்கன் எவனும் தேவைப்படாது. நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

எங்கே தொடங்குவது? இட்ச்சில் ஜாம் என்று போட்டி மாதிரி நடக்கும். குறித்த நாளுக்குள் ஒரு சிறு விளையாட்டை முடித்துப் போட வேண்டும். முதலில் ஒற்றைப் பக்க விளையாட்டு ஒன்றை முடியுங்கள். முடித்த ஒரு பக்கம், முடிக்காத முன்னூறு பக்கத்தைவிடப் பேசும். கூடவே அதே ஜாமில் எழுதிய இரண்டு மூன்று பேருக்கு எடிட் செய்து தருவதாகச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டைக் குறைந்த கூலிக்குச் செய்யலாம், இலவசமாக வேண்டாம். புத்தகத்தில் எடிட்டர் என்று பெயர் போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்தப் பெயர்தான் அடுத்த வேலையை வாங்கித் தரும். பதிப்பகத்துக்கு எழுதும்போது சொந்த உலகத்தின் வரலாற்றை இணைக்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு இலவச மாதிரிப் பக்கத்தை எடுத்து, எங்கே மேசையில் சிக்கும், எப்படி மாற்றலாம் என்று மரியாதையாக ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். சிலருக்குக் கோபம் வரும். பதில் எழுதுகிறவரோடுதான் நீங்கள் வேலை செய்ய முடியும்.

வீடியோ கேம் பக்கம் தாவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெங்களூரிலேயே ராக்ஸ்டார் முதல் பல ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. கதை எழுதும் வேலைகள் அங்கே குறைவு, வந்தால் சம்பளம் நிச்சயம் அதிகம். முடித்து வெளியிட்ட இரண்டு ஆர்பிஜியும் நாலு எடிட்டர் கிரெடிட்டும் அந்த நேர்காணலில் கை கொடுக்கும்.

கடைசியாகத் தமிழ். உங்கள் மேசையிலேயே பாருங்கள்: விதி பேசும்போது ஆங்கிலம், பாத்திரமாகப் பேசும்போது தமிழ். பெங்களூரில் எல்லாத் தமிழ் மேசைகளும் அப்படித்தான். ஆகவே விதிப் புத்தகத்தை மொழிபெயர்ப்பதைவிட, விதி மிகக் குறைவான, பேச்சே பிரதானமான ஒரு சிறு விளையாட்டைத் தமிழிலேயே எழுதுவது நடக்கக்கூடிய காரியம். பணம் வராது, ஆனால் விளையாடுவார்கள். லேஅவுட் இன்டிசைனில் செய்வதாக இருந்தால் பாராகிராஃப் கம்போசரை வேர்ல்டு-ரெடி என்பதற்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். வழக்கமான கம்போசரில் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பிடிஎஃப் ஆனபிறகு ஒரு பத்தியை காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டியும் பாருங்கள். அது குப்பையாக வந்தால், நடத்துகிறவர் விளையாட்டின் நடுவே ஒரு விதியைத் தேடினால் கிடைக்காது.